அம்மாவின் எலும்பு அடர்த்திக்காக மண்டபத்திலிருந்து மதுரைக்கு

அம்மா கரையில் கடல்பாசியைக் காயப்போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது தடுமாறிக் கை ஊன்றி விழுந்தார், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், நின்ற இடத்தில் விழுந்ததற்கே முறிகிறதென்றால் எலும்பு அடர்த்தியைப் பார்த்தாக வேண்டும் என்று டெக்ஸா ஸ்கேனுக்கு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். தெருவில் எல்லோரும் சொன்னது, "வயசானா அப்படித்தான், நண்டு ரசம் வச்சுக் குடு." அதையும் வைத்துக் கொடுத்தோம்.

டெக்ஸாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, குழாய்க்குள் போக வேண்டியதில்லை, மல்லாந்து படுத்திருந்தால் மேலே ஒரு கருவி நகர்ந்து முதுகுத்தண்டையும் இடுப்பையும் எடுத்துவிடும். முந்தின நாள் கால்சியம் மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது டி ஸ்கோர், அதாவது இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டுப் போடும் எண். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். அம்மாவுக்கு முதுகில் மைனஸ் 3.1. வைட்டமின் டி வெறும் 11. வெயிலிலேயே கிடக்கிற மனுஷிக்கு எப்படி என்று முதலில் நம்பவே முடியவில்லை, அப்புறம் யோசித்தால், பாசி எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, விரல்களில் துணிச்சுற்று, உடம்பு பாதி தண்ணீருக்குள், வெயில் எங்கே படும்?

இதற்கிடையில் சென்னையிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் எபிஜெனடிக் டெஸ்ட் (மரபணுக்கள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று பார்ப்பது) என்று ஒரு பேக்கேஜ் சொன்னார், விலை எங்கள் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். கட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன். விஷயம் சுவாரசியமானதுதான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரே வகை ஸ்டெம் செல் எலும்பு கட்டும் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம், ரன்எக்ஸ்2 என்ற மரபணு வேலை செய்தால்தான் எலும்புப் பக்கம் திரும்பும். மரபணுவின் எழுத்து மாறாமலேயே அதன்மேல் ஒட்டும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் எது திறக்கும், எது மூடும் என்பதைப் பாதிக்கின்றன, அந்தக் குறிகளை வயதும் சாப்பாடும் மாற்றக்கூடியவை. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். அப்போது கருவாகிப் பிறந்தவர்களுக்கு அறுபது வருஷம் கழித்தும் ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுவில் மெத்தில் குறிகள் குறைவாக இருந்ததை 2008இல் கண்டுபிடித்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு 1964 டிசம்பர் புயல்தான் ஞாபகம் வந்தது. தனுஷ்கோடி அழிந்த அந்த நேரத்தில் அம்மா அம்மாச்சியின் வயிற்றில், கரையேறி வந்தவர்களுக்கு எத்தனை மாதம் சரியான சோறு கிடைத்திருக்கும்? மதுரை டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், ஆனால் ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது, அந்த டெஸ்ட் எதைச் சொன்னாலும் நான் கொடுக்கப்போகும் மருந்து இதேதான் என்றார். சரி, பணம் மிச்சம்.

சிகிச்சை வரிசைதான் முக்கியம், இதை அவசரப்படுத்தாதீர்கள். முதலில் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி, கூடவே கால்சியம். கிரியாட்டினின் பார்த்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்தார்கள். பல் டாக்டரிடமும் அனுப்பினார்கள், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டுமாம், எலும்பு மருந்து ஏற்றிய பிறகு பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும். அதன்பிறகுதான் எலும்பு கரைவதைக் குறைக்கும் சோலெட்ரானிக் ஆசிட் என்ற அந்த மருந்து 5 மில்லிகிராம், டிரிப்ஸில் மெதுவாக, வருஷத்துக்கு ஒருமுறை. அன்று ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து வீடே கலங்கிப்போனது. முதல் டோஸுக்கு நிறையப் பேருக்கு வருவதுதானாம், இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பாராசிட்டமால் போட்டதில் அடங்கிவிட்டது.

தங்கச்சி இப்போது மாசமாக இருக்கிறாள். கர்ப்பத்தில் தாய் வைட்டமின் டி எடுத்தால் தொப்புள்கொடியில், வைட்டமின் டி வேலை செய்யத் துணையாக இருக்கும் ஆர்எக்ஸ்ஆர்ஏ என்ற மரபணுவின் மெத்தில் குறி குறைகிறது என்று இங்கிலாந்தில் ஒரு ஆய்வு இருக்கிறது, நாளொன்றுக்கு 1,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். அவளையும் டாக்டரிடம் கேட்டு வைட்டமின் டி பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த செக்கப்பில் ரத்தம் எடுக்கிறார்கள்.