அரை அவுன்ஸ் பாப்பி
அமெரிக்காவின் லூயிவில் நகர மதுக்கூடத்தில் இன்று நண்பர் வாங்கித் தந்தது அரை அவுன்ஸ். பாப்பி வான் விங்கிள், பீப்பாயில் 20 ஆண்டு கிடந்த போர்பன். சோளம் முதன்மையான அமெரிக்க விஸ்கி அது.

ஊற்றியவர் அளவுக் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தங்கம் நிறுக்கும் ஆசாரிகூட அவ்வளவு பார்க்கமாட்டார்!

முதலில் கருகிய சர்க்கரைப் பாகு, வெனிலா. பிறகு உலர்ந்த செர்ரி. விழுங்கிய பின்னும் ஓக் மரத்தின் துவர்ப்பு நாக்கில் நெடுநேரம் நிற்கிறது. எரிச்சல் குறைவு. சோளத்தோடு வழக்கமான ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்க்கிறார்கள்.

போர்பனுக்கு உட்புறம் கரியாக எரித்த புதிய ஓக் பீப்பாய் கட்டாயம். நிறம் முழுக்க அது தந்ததுதான். ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிவிடும். அளவு மீறி வைத்தால் மரம் மட்டுமே ருசிக்கும்.

‘பாப்பி’ என்று அழைக்கப்பட்ட ஜூலியன் வான் விங்கிள் 1935இல், கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய நாளன்று, ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலையைத் திறந்தார். 1972இல் குடும்பம் அதை விற்றுவிட்டது. அப்போது வோட்காவுக்குத்தான் மவுசு. போர்பனைச் சீந்துவார் இல்லை.

2002 முதல் குடும்பத்துக்குப் பஃபலோ டிரேஸ் ஆலையோடு கூட்டு. இன்று இந்தப் புட்டியை வாங்கும் வாய்ப்புக்கே குலுக்கல் நடக்கிறது. சீட்டு விழாதவர்கள் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள்.

அருமையான விஸ்கிதான். அந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன். நண்பர் வாங்கித் தந்தால் மறுக்கவும் மாட்டேன்.