கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

கைவினைப் பொருள் சந்தைக்குப் போனால் ஒன்றும் வாங்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சும்மா சுற்றிப் பார்ப்பது, நன்றாகச் சாப்பிடுவது, திரும்பி வருவது. கூட வந்த அக்காவுக்கு அப்படி எந்த வைராக்கியமும் கிடையாது, காலிப் பை இரண்டை மடித்து எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

வெயில் தாழட்டும் என்று ஊரே காத்திருந்து ஒரே நேரத்தில் கிளம்பி வந்ததுபோல் கூட்டம். நடக்கவே வேண்டியதில்லை, நின்றால் போதும், பின்னால் வருகிறவர்கள் நம்மை நகர்த்திக்கொண்டு போய்விடுகிறார்கள். பிடித்த கடை கண்ணில் பட்டு ஓரமாக ஒதுங்குவதற்குள் அடுத்த கடைக்கு முன்னால் நிற்கிறோம்.

முதலில் சாப்பிட்டது என் தப்பு. வாசலிலேயே எண்ணெய் வாசனை இழுத்துவிட்டது. கால் மணி நேரம் நின்ற பிறகுதான் அது வரிசையே இல்லை, யாரோ நின்று கதை பேசிக்கொண்டிருந்த கும்பல் என்று தெரிந்தது. ஒருவழியாக வாங்கி, உட்கார இடமில்லாமல், ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலுமாகத் தின்று முடித்து, அப்படியே போய் நின்ற இடம் துணிக்கடை. அவுரிச் சாயம் ஏற்றிய துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். கடைக்கார அம்மா என் விரல்களைப் பார்த்தார். "கையைத் துடைச்சுட்டு வாங்க தம்பி." அவ்வளவுதான் சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

துடைத்துவிட்டு வந்தேன். கேட்டதும் அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்ட பிறகுதான் கண்ணெதிரே நீலம் ஏறும். கெட்டி நீலம் வேண்டுமென்றால் முக்கி, காற்றாட விட்டு, திரும்ப முக்கி, இப்படிப் பல தடவை. மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சாயம் முதலில் கொஞ்சம் போகும், தனியாகத் துவையுங்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவருடைய நகக்கண்களைப் பார்த்தேன், அத்தனையும் நீலம்.

மண்பாண்டக் கடையில்தான் நேரம் போனதே தெரியவில்லை. கூட்டம் அங்கே கொஞ்சம் தள்ளியே நின்றது, உடைந்துவிடுமோ என்ற பயம் போல. நான் ஒரு கிண்ணத்தை எடுத்து ஓரத்தையும் பளபளப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த பெரியவர் அதை வாங்கிக் கவிழ்த்துக் காட்டினார். "அடியைப் பாருங்க, மேலே எல்லாரும்தான் அழகாக் காட்டுவாங்க." அடியில் வளையமாகக் கொஞ்சம் இடம் மெருகு பூசாமல் வெறும் மண்ணாக இருந்தது. அங்கேயும் பூசினால் சூளைக்குள் மெருகு கண்ணாடியாக உருகி, கிண்ணம் அது நிற்கும் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உட்புறம் விரலை வைத்துத் தடவினால் சக்கரத்தில் விரல் ஏறிய வரிகள் மெல்லிசாகத் தட்டுப்பட்டன.

வனையும்போது இந்தக் கிண்ணம் இதைவிடப் பெரிசாம். காய்ந்து, சூளையில் வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், சில மண் இன்னும் கூடுதலாக. அதனால் கையில் இருப்பதைப் பார்த்து அல்ல, வெந்த பிறகு எப்படி இருக்கும் என்று மனசில் கணக்குப் போட்டுத்தான் வனைகிறார்கள். சரியாகக் காயாமல் சூளைக்குப் போனால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். முதல் சூடு கிட்டத்தட்ட 1000 டிகிரி, மெருகு பூசிய பிறகு இரண்டாவது சூடு 1200க்கும் மேல். இத்தனையும் தாண்டி வந்த பொருளை, என் பின்னால் நின்ற ஒருவர் கையில் எடுத்து, "இதை நாமளே வீட்ல செஞ்சிடலாம்" என்றார். பெரியவர் காதில் விழாததுபோல் இருந்தார். பழகியிருக்கும்.

எல்லாக் கடையும் இப்படியில்லை. ஒரு கடையில் வரிசையாக யானைகள், ஒன்றுக்கொன்று தும்பிக்கை வளைவுகூட மாறவில்லை. முதுகின் நடுவே மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்கிற இடம். அச்சில் வார்ப்பதும் வேலைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே "கையால் வனைந்தது" என்று பலகை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "எல்லாம் ஹேண்ட்மேட் சார், பாருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. உண்மையில் செய்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம்.

சோப்புக் கடையில் "ரசாயனமே இல்லாதது" என்று எழுதியிருந்தது. எண்ணெயும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்ந்து மாறினால்தான் சோப்பு, காரம் இல்லாமல் சோப்பே கிடையாது. நல்ல சோப்பில் அது முழுக்க மாறி முடிந்துவிடுகிறது, நான்கு முதல் ஆறு வாரம் காய வைத்துத்தான் விற்கிறார்கள். அதை எழுதினாலே போதுமே, நான் வாங்கியிருப்பேன்.

தேன் கடையில் சண்டை. பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்திருந்ததைக் காட்டி, சர்க்கரை கலந்திருக்கிறாய் என்று ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தேனில் உள்ள குளுக்கோஸ் தானாகவே உறையும், சில பூக்களின் தேன் சீக்கிரமாகவே. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். கடைக்காரப் பையன் இதைத்தான் சொன்னான், கேட்க ஆளில்லை.

அக்கா குரோஷாப் பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேரம் ஆரம்பித்தாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். ஸ்வெட்டரை இயந்திரம் பின்னும். குரோஷாவை அப்படியே பின்னித் தள்ளுகிற இயந்திரம் இன்றைக்கும் சந்தையில் இல்லை, எங்கே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது யாரோ ஒருவர் ஒரே கொக்கியால் கண்ணி கண்ணியாகப் போட்டதுதான். "அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன" என்று முறைத்துவிட்டு, கேட்ட விலைக்கே வாங்கினாள். போனில் பணம் அனுப்பப் பார்த்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அத்தனை பேர் ஒரு மைதானத்தில் நின்றால் சிக்னல் என்ன செய்யும்? சில்லறையாகக் கையில் காசு எடுத்துப் போங்கள்.

நான் அந்தக் கிண்ணத்தை வாங்கிவிட்டேன். சுண்டினால் கணீரென்று கேட்டது, விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கும். ஓரத்தில் ஓரிடத்தில் மெருகு கொஞ்சம் மெலிந்து விரல் தடம்போல் இருக்கிறது. மெருகில் முக்கும்போது பிடித்த இடம் என்று பெரியவரே காட்டினார், வேண்டுமானால் வேறு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். செய்தித்தாளில் சுற்றிய அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் வெளியே வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் காலை நீட்டிப் படுத்துவிட்டேன். சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அக்கா அலமாரியில் இருந்த கிண்ணம், கோப்பை எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.