ஹூஸ்டனில் என் முதல் ஹோல்சேல் டீல் கைநழுவிய கதை

இங்கே ஹோல்சேல் என்றால், வீட்டை விற்பவரோடு ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தை ஒரு முதலீட்டாளருக்குக் கைமாற்றி நடுவில் ஒரு தொகை பார்ப்பது. விற்க வாய்ப்புள்ள ஆட்களைத் தேடி, சொத்து வரி பாக்கிக்காரர்கள் பட்டியல் என்று சொல்லி ஒருவர் விற்ற 400 பெயர்களை 180 டாலர் கொடுத்து வாங்கினேன். முதல் தப்பு அதுதான். டெக்சாஸில் சொத்து வரிக்கு ஜனவரி 31 கெடு. என் கைக்கு வந்ததோ முந்தின வருடப் பட்டியல். பாதிப் பேர் எப்போதோ கட்டி முடித்திருந்தார்கள். "இந்த வாரம் நீ ஆறாவது ஆள்" என்று ஒரு பாட்டி போனை வைத்துவிட்டார். அழைக்கும் முன், விற்பனை அழைப்பு வேண்டாம் என்றவர்களின் 'டூ நாட் கால்' பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் ஒப்பிடாமல் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் காரை எடுத்துக்கொண்டு ஹூஸ்டனின் ஏக்கர்ஸ் ஹோம்ஸ் பக்கம் தெருத்தெருவாகச் சுற்றினேன். ஒரு வீட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல், கூரையில் நீலத் தார்ப்பாய், மழையில் ஊறி உப்பிப்போன கடிதங்கள் வாசலில். உரிமையாளர் பெயர் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பீட்டு இணையதளத்தில் இலவசமாகவே கிடைத்தது. பத்து நாளில் அந்த உரிமையாளரின் மகள் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியில் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீடு இன்னும் இறந்துபோன அம்மா பெயரில்தானே இருக்கு?"

உயில் இல்லை. பிள்ளைகள் மூன்று பேர். ஒரு மகள் போட்ட கையெழுத்து அவர் பங்குக்கு மட்டும்தான் செல்லும். நம்மூர் வாரிசுச் சான்றிதழ் போல இங்கே வாரிசு உறுதிமொழிப் பத்திரம் ஒன்று உண்டு. குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, சொத்தில் பங்கில்லாத இருவர் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்வீட்டுத் தாத்தா கூப்பிட்டவுடன் வந்தார். லூசியானாவில் இருந்த அந்த மகளின் தம்பிதான் ஐந்து வாரம் போனையே எடுக்கவில்லை. அதற்குள் எனக்காகக் காத்திருந்த முதலீட்டாளர் வேறு வீட்டை முடித்துவிட்டார்.

பட்டியலுக்கு இனி காசு கொடுக்க மாட்டேன். கடன் கட்டாத வீடுகளின் ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அறிவிப்பு 21 நாளுக்கு முன்பே வந்தாக வேண்டும், கவுன்டி கிளார்க் (ஆவணங்களைப் பதிவு செய்யும் அதிகாரி) தளத்திலேயே பார்க்கலாம். இன்னொன்று: கைமாற்றுவது ஒப்பந்தத்தைத்தான், வீட்டை இல்லை என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாங்குபவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது 2017 முதல் இங்கே சட்டம். மறைத்தால் உரிமம் இல்லாமல் புரோக்கர் வேலை பார்த்ததாகிவிடும்.

அந்தத் தாத்தாவே இரண்டு மாதம் கழித்து இன்னொரு வீட்டைக் காட்டினார். விற்கிறவர் பெயரில் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் தட்டினேன். 19 நாளில் முடிந்தது, என் கைக்கு வந்தது 4,500 டாலர். அந்த 180-ஐக் கழித்துக்கொண்டுதான் கணக்கு எழுதினேன்.