தீராத வயிற்று வலி

தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ‘தீராத வயிற்று வலியால் வாலிபர் தற்கொலை’ என்ற இரண்டு வரிச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த வயிற்று வலியிலேயே நின்றுவிடும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம், உடல் சற்றுத் தேறிய பிறகு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அதற்குள் விபத்துப் பதிவேட்டில் காரணம் ஏறியிருக்கும்: வயிற்று வலி, இல்லையென்றால் குடும்பத் தகராறு. கூட வந்த அண்ணனோ மாமாவோ சொன்னதை இரவுப் பணி மருத்துவர் அப்படியே எழுதியிருப்பார். உயிருக்குப் போராடும் நேரத்தில் அவரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

அடையாளம் தெரியாதபடி சிலருடைய கதைகளைக் கலந்தே சொல்கிறேன். ஒரு இளைஞர் மூன்று நாட்கள் என்னிடம் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நான்காம் நாள், அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போன ஐந்து நிமிடத்தில், கட்டில் கம்பியின் பெயின்ட்டை நகத்தால் சுரண்டியபடியே, “எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே வரல சார். இவங்க மண்டபம் புக் பண்ணிட்டாங்க” என்றார். தன்பாலீர்ப்பு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆணுக்கு ஆண் மேல் வரும் ஈர்ப்பு நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே சொல்லிவிட்டது. அந்த ஈர்ப்பு ஒருவரைச் சாவை நோக்கித் தள்ளி நான் பார்த்ததில்லை. அதைச் சுற்றி வீடும் ஊரும் கட்டி வைத்திருப்பவைதான் தள்ளுகின்றன. அவற்றில் முதலாவது கல்யாணம். ஜாதகம் சரியில்லை, பெண் பிடிக்கவில்லை என்று சில வரன்களைத் தட்டிக் கழிக்கலாம். அதற்கு மேல், ‘உனக்கு அடுத்து ஒருத்தன் காத்திருக்கிறான்’ என்ற பேச்சு வரும், பிறகு மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் பரம்பரை வைத்தியரிடம் கூட்டிப் போவார்கள். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தார். அந்தத் தீர்ப்பு லாட்ஜ் அறைக்குள் போய்ச் சேர எத்தனை காலம் ஆகுமோ!

இரண்டாவது, பணம் பறிப்பு. செயலியில் பழகியவனை நம்பிப் போன இடத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, வீடியோவை அப்பாவுக்கு அனுப்புவோம் என்று மிரட்டி, மாதா மாதம் சம்பள நாளன்று போன் செய்வார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவிலிருந்து தன்பாலீர்ப்பு உள்ளவர்களை விடுவித்தபோது இந்த மிரட்டல் ஓயும் என்று நினைத்தேன். ஓயவில்லை. சட்டத்துக்குப் பயந்தா மிரட்டப்பட்டவர்கள் பணம் கொடுத்தார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றல்லவா கொடுத்தார்கள்! புகார் கொடுக்கப் போனால் முதலில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன் போக எவ்வளவு நேரம் ஆகும்?

பாலீர்ப்பில் சிறுபான்மையாக இருப்பவர்கள் சமூகத்தின் வெறுப்பால் கூடுதலாகச் சுமக்கும் மன அழுத்தத்தை அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் ‘சிறுபான்மை அழுத்தம்’ என்று விளக்கினார். அதை நம் ஊர்க் கட்டிலருகே நின்று நான் இப்படிப் புரிந்துகொண்டேன். சாதியின் பேரில் பள்ளியில் அவமானப்பட்ட பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குத்தான் ஓடுகிறது, அங்கே அதே அவமானத்தை அறிந்த அம்மா இருக்கிறாள். தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கோ ஊருக்குத் தெரிவதைவிட வீட்டுக்குத் தெரிவதே பெரிய பயம்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மையை உள்ளபடி பதிய வேண்டும் என்ற உற்சாகத்தில் ஒருவர் சொன்னதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் ஸ்கேன் எடுக்க அந்தக் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கிப் போனவர் அவருடைய அண்ணன். வரிசையில் நிற்கும்போது புரட்டியிருக்கிறார். அன்று மாலையே, மருத்துவர் தடுத்தும் கேட்காமல், எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியை அழைத்துப் போய்விட்டார்கள். அவர் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

அதன் பின் காரணம் என்ற இடத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று நானும் எழுதத் தொடங்கினேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டின் 1,70,924 தற்கொலைகளில் 31.7 சதவீதம் குடும்பப் பிரச்சினை என்ற தலைப்பிலும், 18.4 சதவீதம் நோய் என்ற தலைப்பிலும் இருக்கின்றன. இறந்தவரின் பாலீர்ப்பைக் கேட்கும் பத்தியே அந்த அட்டவணையில் இல்லை. கணக்கில் வராதவர்களுக்குத் திட்டமும் வராது என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன், மறுநாள் வார்டில் நானே மறைத்து எழுதியும் இருக்கிறேன்.

மண்டபத்தைப் பற்றிச் சொன்ன அந்த இளைஞர் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணை அவர் போனில், அலுவலக நண்பர் பெயர் ஒன்றில் பதிந்து கொடுத்தேன். அம்மா டிஸ்சார்ஜ் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வயித்து வலிக்கு மாத்திரை ஒண்ணும் எழுதலியே சார்?” என்று கேட்டார். நான் மகனைப் பார்த்தேன். அவர், “வலி இப்ப இல்லம்மா, வா” என்று பையை எடுத்துக்கொண்டார்.