மரத்தைக் கேட்டு வெட்டியவர்கள்

ஜூன் 4

1976-இல் இதே நாளில் பசிபிக் தீவான தாஹித்தியின் பப்பேட்டே துறைமுகத்தில் ஏறத்தாழ 17,000 பேர் திரண்டு நின்றார்கள். மே 1 அன்று ஹவாயில் கிளம்பிய ஹொக்குலேயா என்ற 62 அடி இரட்டைத் தோணி வந்து சேர்ந்தது. திசைகாட்டி இல்லை, கடல் வரைபடம் இல்லை. நடுவே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடல். வழி பார்த்தவர் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக். ஹவாயில் அந்த வித்தை அற்றுப்போயிருந்ததால் அவரை அழைத்திருந்தார்கள்.

அதற்கு இருபது ஆண்டு முன்புதான் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற ஆய்வாளர், இவ்வளவு தூரம் திட்டமிட்டுப் போய்த் திரும்பியிருக்க முடியாது, காற்றும் நீரோட்டமும் அடித்துக்கொண்டு போனவர்களே தொலைதூரத் தீவுகளில் குடியேறினார்கள் என்று எழுதியிருந்தார். அப்படியானால் பாலினேசியாவின், அதாவது ஹவாய், தாஹித்தி, நியூசிலாந்து உள்ளிட்ட பசிபிக் தீவுகளின், புராண வீரர்கள் போய்வந்த பயணமெல்லாம் வெறும் கற்பனை. ஹொக்குலேயாவுக்குப் பிறகு அப்படி ஒதுக்கிவிட முடியாது.

ஜூன் 6

பாலினேசியப் புராண வீரன் ராட்டாவின் கதை. அங்கே பெரும்புகழ் பெற்ற வீரன் மாவுயி; எனக்கு அவனைவிட இவனைப் பிடிக்கும்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் சொல்லும் வடிவத்தில், தந்தையைக் கொன்றவனைத் தேடிக் கடல் கடக்க ராட்டாவுக்குத் தோணி வேண்டும். காட்டுக்குப் போய் நல்ல மரமாகப் பார்த்து வெட்டிச் சாய்க்கிறான். மறுநாள் வந்தால் மரம் பழையபடி நிற்கிறது. திரும்ப வெட்டுகிறான், திரும்ப நிற்கிறது. அப்புறம் ஒளிந்திருந்து பார்க்கிறான். ஹாக்குத்துரி எனப்படும் காட்டுக் காவலர்கள், பறவையும் பூச்சியுமாகக் கூட்டமாக வந்து, பாடிக்கொண்டே ஒவ்வொரு சிராயையும் அதன் இடத்தில் பொருத்துகிறார்கள். “காட்டின் தெய்வமான தானேயின் மரத்தைக் கேட்காமல் வெட்டினாயே” என்று கடிந்துகொள்கிறார்கள். அவன் தலைகுனிகிறான். பிறகு தோணியை அவர்களே செய்து கொடுக்கிறார்கள்.

பழிவாங்கப் புறப்பட்ட வீரனின் கதை, அவன் வெட்கப்படும் இடத்தில்தான் திரும்புகிறது. சண்டைகள் எனக்கு மறந்துபோகும், அந்தச் சிராய்கள் மறக்காது.

ஜூன் 7

நேற்றையதன் தொடர்ச்சி. அந்தக் காலத்து ஹவாய்த் தச்சர்கள் தோணிக்காகக் கோஆ மரத்தைச் சாய்த்ததும் எலெபாயோ என்ற சிறு பறவையைக் கவனிப்பார்கள். அது தோணி செய்வோரின் தெய்வமான லேயாவின் உருவம். மரத்தைக் கொத்தினால் உள்ளே பூச்சி அரித்திருக்கிறது, தோணிக்கு உதவாது. கொத்தாமல் நடந்துபோனால் நல்ல மரம். பக்தியும் தொழிலறிவும் இங்கே ஒன்றேதான்.

1990-களில் ஹவாயிலோவா என்ற தோணி கட்ட முனைந்தபோது, ஹவாய்க் காடுகளில் போதுமான பருமனுள்ள கோஆ மரமே கிடைக்கவில்லை. அலாஸ்காவின் பூர்வகுடிகள் இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைத் தர முன்வந்தார்கள். ஹொக்குலேயாவின் வழிகாட்டி மாலுமி நைனோவா தாம்சனுக்கு அவற்றை வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. நம் காட்டை அழியவிட்டு இன்னொருவர் காட்டில் கை வைப்பதா? முதலில் ஹவாயில் கோஆ கன்றுகளை நடத் தொடங்கினார்கள், பிறகே மரத்தை ஏற்றுக்கொண்டார்கள். அது ராட்டாவின் கதையேதான்.

ஜூன் 10

இரவு ஒன்பதரைக்கு மொட்டைமாடி. தென்கிழக்கில் விருச்சிகம். அதன் வளைந்த வால்தான் ஹவாய்க்காரர்களுக்கு மாவுயியின் தூண்டில். கடலடியிலிருந்து தீவுகளை இழுத்தது. நியூசிலாந்தின் வடதீவும் அவன் பிடித்த மீன்தான். உச்சிக்குச் சற்று வடக்கே சுவாதி. ஹொக்குலேயா என்பது அதன் ஹவாய்ப் பெயர். ஹவாயில் அது நேர் உச்சியைக் கடக்கும், ஆகவே தெற்கிலிருந்து வரும் மாலுமிக்கு எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஜூன் 13

மாவோரிக் கதைகளின் கடலோடி கூப்பே. தூண்டில் இரைகளைத் திருடிய ராட்சத ஆக்டோபஸைத் துரத்திக்கொண்டு, பாலினேசியர்களின் பூர்வீகம் எனப்படும் ஹவாயிக்கியிலிருந்து நியூசிலாந்து வரை வந்தவன். கரையை முதலில் கண்டது அவன் மனைவி என்கிறார்கள். அவள் பார்த்தது தொலைவில் ஒரு மேகத்தை. தீவின் மேல் மேகம் தங்கி நிற்கும் என்பது அந்த மாலுமிகளின் நடைமுறைப் பாடம். கூப்பே ஊருக்குத் திரும்பியும் போகிறான். ஷார்ப் மறுத்தது இந்தத் திரும்புதலைத்தான்.

ஜூன் 15

ஹொக்குலேயாவின் மாலுமிகளில் ஒருவரான எடி ஐக்காவ் பற்றி எழுதாமல் முடியாது. 1978 மார்ச்சில் ஹொக்குலேயா ஹவாயின் மொலோக்காய் தீவருகே கவிழ்ந்தபோது, உதவி தேடி அலைச்சறுக்குப் பலகையில் லானாய் தீவை நோக்கித் துடுப்புப் போட்டுப் போனவர். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள், அவர் கிடைக்கவே இல்லை. ராட்டா, கூப்பே வரிசையில் அவரையும் சேர்ப்பேன். 1980-இல் நைனோவா அதே தோணியைத் தாஹித்திக்கு ஓட்டிப் போய், ஹவாய்க்குத் திருப்பியும் கொண்டுவந்தார்.