மருந்துவாழ் மலையில் தொலையாத மோதிரம்

வேல்ஸ் நாட்டில் கிரிப் கோக் என்றொரு மலை முகடு இருக்கிறது. 923 மீட்டர் உயரம், ஒடுங்கிய பாறை, இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். பலர் அதைத் தவழ்ந்துதான் கடப்பார்களாம். ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் கூலின் முகடு இன்னும் மோசம், சுமார் 12 கிலோமீட்டர். எனக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் அத்தான்தான். ராத்திரி சாப்பாடு முடிந்தால் அக்கா வீட்டு டிவியில் இந்த வீடியோக்கள்தான் ஓடும்.

முதலில் அவருக்கு மகேந்திரகிரி மேல்தான் கண். 1,600 மீட்டருக்கு மேல் உயரம். சுற்றிலும் வனத்துறைக் காடு, அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற இடம். நினைத்தபடி ஏற முடியாது என்றதும், கன்னியாகுமரி மாவட்டத்துப் பொற்றையடி மருந்துவாழ் மலைக்கு இறங்கி வந்தார். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் அங்கேதான்.

போனது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று. படிக்கட்டு முடிந்து பாறை தொடங்கியதும் அத்தான் பாடம் எடுத்தார்.

"மூணு பிடி எப்பவும் பாறையில இருக்கணும். ரெண்டு கை, ஒரு கால்."

உச்சிக்குச் சற்று முன்னால் லாரியே திருப்பலாம் போல அகலமான பாறை. அங்கே காற்று ஒரு தள்ளு தள்ளியது. அத்தான் சட்டென்று நாலு காலில் இறங்கினார். பக்கத்துப் பாறையிலிருந்த குரங்கு ஒன்று எழுந்து நின்று பார்த்தது.

அப்போதுதான் கல்லூரிப் பையன்கள் சிலர் மேலிருந்து வந்தார்கள்.

"அண்ணே, என்ன தொலைஞ்சு போச்சு?"

"மோதிரம்," என்றார் அத்தான், தலையைத் தூக்காமல்.

சொல்லியிருக்கக் கூடாது. நம்மூர்ப் பையன்களுக்கு உதவிக்குணம் ஜாஸ்தி. "மக்கா, எல்லாரும் தேடுங்கலே!" அத்தனை பேரும் குனிந்துவிட்டார்கள். ஒருவன் பாறை இடுக்கில் கையே விட்டான். பாம்பு கிடக்கும் என்று நான்தான் பதறினேன். மோதிரமோ அத்தானின் வலது கை விரலில் மின்னிக்கொண்டிருந்தது. ஜாடை காட்டினேன். கையை பேன்ட் பைக்குள் போட்டவர்தான், அடிவாரம் வரைக்கும் எடுக்கவில்லை. மூன்று பிடிக்கு ஒரு கை குறைந்ததால் பல இடங்களில் உட்கார்ந்தே சறுக்கி வந்தார். பேன்டின் பின்பக்கத்தைப் பற்றி அக்காவே பிறகு விசாரித்துக்கொண்டாள்.

பையன்கள் எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டார்கள். சாயாக்கடைக்குள் நுழையும்போதே கடைக்காரர் முகத்தில் துக்கம்.

"மோதிரம் எத்தனை பவுனுண்ணே?"

அத்தான் கிளாசை இடது கையால் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். "ரெண்டு பவுன்."

எங்கள் வீட்டில் போட்டது ஒரு பவுன்தான்.