பூட்டிக் கிடக்கும் தெருவுக்குப் பாதாளச் சாக்கடையா?

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து, சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இரண்டு பேச்சுதான். வீட்டு வரி எவ்வளவு ஏறும், நமக்கும் பாதாளச் சாக்கடை வருமா. வரியை விடுங்கள். சாக்கடையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. வெளியூர்களில் குடிநீர், வடிகால் வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அப்பச்சியின் பங்கு வீட்டில் வந்து குடியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் அடுப்பு எரிவது ஏழெட்டு வீட்டில்தான். மற்றதெல்லாம் பூட்டு. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். ஒரு கல்யாணமோ, முன்னோரைக் கும்பிடும் படைப்போ வந்தால் வீட்டின் பட்டாலையிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஆள் நிறைந்துவிடும். பந்தி பந்தியாகச் சாப்பாடு நடக்கும், அண்டா அண்டாவாகப் பாத்திரம் கழுவுவார்கள். இரண்டு நாளில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், திரும்பவும் பூட்டு.

பாதாளச் சாக்கடைக் குழாயில் மலம் தானாக நகர்வதில்லை. தண்ணீர்தான் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நொடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் வேகமாவது ஓடினால்தான் மண்ணும் கசடும் அடியில் தங்காது. அந்த ஓட்டத்துக்கு ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் கணக்குப் போடச் சொல்கிறது மத்திய அரசின் கையேடு. கிராமத்துக்கு வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு 55 லிட்டர். அந்த 55-ஐக் குடிப்பதற்கும் ஆளில்லாமல் முக்கால்வாசி வீடு பூட்டியிருக்கிற தெருவில் பெரிய குழாயைப் பதித்தால் என்ன ஆகும்? ஏழெட்டு வீட்டுக் கழிவு கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்யாணத்தன்று ஒரேயடியாகத் தண்ணீர் வரும்போது, காய்ந்து இறுகியிருந்த கசடு அடைத்துக்கொண்டு ஆள்துளைத் தொட்டி (மேன்ஹோல்) வழியாகத் தெருவுக்கு வரும். சம்பந்தி வீட்டார் கார் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து!

இதைச் சொன்னால் பங்காளி மகன் ஒருவனுக்குக் கோபம். "காரைக்குடிக்காரனுக்கு வேணும், நமக்கு மட்டும் வேண்டாமாண்ணே? நாம என்ன இளப்பமா?" காரைக்குடிக்குப் பாதாளச் சாக்கடை வேண்டியதுதான். அங்கே வீடு ஒட்டி வீடு, கடை, லாட்ஜ், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறது, தினமும் தண்ணீர் ஓடும். எங்கள் மாதிரி ஊருக்குச் சரிப்படுவது நல்ல செப்டிக் டேங்க், அதைக் காலத்தில் எடுக்கிற லாரி, அந்த லாரி கொண்டுபோய்க் கொட்ட ஒரு சுத்திகரிப்பு நிலையம். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். கொட்ட இடமில்லாத லாரி இருட்டியதும் கண்மாய்க் கரைக்குத்தான் போகும்.

இங்கே செப்டிக் டேங்க் என்று பெயர் சொல்லப்படுபவற்றில் பாதி வெறும் குழி. அடியில் சிமெண்ட் பூச்சு கிடையாது, நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. செம்புறாங்கல் பூமி, எங்கே விரிசல் இருக்கிறதோ அந்த வழியாகக் கழிவு இறங்கும். பக்கத்திலேயே கிணறு இருக்கும். "முப்பது வருஷமா எடுத்ததே இல்லை, அவ்வளவு நல்லா கட்டினது" என்று ஒரு ஆச்சி என்னிடம் பெருமையாகச் சொன்னார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய தொட்டி முப்பது வருடமாக நிறையவில்லை என்றால், அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை, மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நம் முன்னோர்கள் கில்லாடிகள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு அடிக்கடி வரும். மழைநீர் விஷயத்தில் அது உண்மைதான். ஓட்டுச் சரிவில் இறங்கும் மழை வளவுக்குள், அதாவது நடு முற்றத்தில், விழும், கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் பிடித்தது போக மிச்சம் கல் வடிகாலில் தெருவுக்கு வரும், தெரு வாய்க்கால் ஊரணிக்குப் போகும். தெருவின் வாட்டத்தையே அதற்காகப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல்தான். ஆனால் அதே வீடுகளின் பின்கட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. பின்தெருச் சந்து வழியாக ஒருவர் வந்து கையால் அள்ளி, தலையில் சுமந்து போனார். முகப்பு வாசலைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சந்தைப் பற்றி எழுதுவதில்லை. 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டு அதைத் தடை செய்த பிறகும், தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சாகிற செய்தி நின்றபாடில்லை. ஆகவே புதிதாக எது கட்டினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இதற்குள் எவனாவது இறங்க வேண்டி வருமா என்பதுதான்.

ஊரணிக்குப் போன அந்த வாய்க்காலில் இன்றைக்கு அடுப்படித் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சில வீட்டு டேங்கின் வழிசல் எல்லாம் ஓடுகிறது. அதனால் ஊரணி வாயில் யாரோ மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். அடைத்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மழை போக வழியில்லாமல் ஐப்பசியில் தெரு முழுக்கத் தேங்குகிறது.

இதைவிட எனக்குப் பயம் குடிநீர்க் குழாயை நினைத்தால். அந்த வாய்க்காலுக்கு அடியிலேயே பழைய குழாய் குறுக்கே போகிறது. தண்ணீர் விடும் நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்கும், விரிசல் வழியாக வெளியேதான் கசியும். வால்வை மூடிய பிறகு குழாய் காலியாகிறபோது அது திசை மாறும். சுற்றியிருக்கும் சாக்கடைத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு லைனிலிருந்தே உறிஞ்சுகிறார்கள். முதலில் வருகிற இரண்டு குடம் கலங்கலாக வருவதற்குத் தண்ணீர் டேங்க் கழுவாததுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். டேங்க்கைக் கழுவுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குழாயை மாற்றுவதாக இருந்தால் முதலில் வாய்க்காலைக் கடக்கும் இடங்களை மாற்றி, சாக்கடைக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டும். நேராகப் போகிற லைன் இரண்டு வருடம் கழித்து வந்தாலும் குடி முழுகாது. ஒப்பந்தக்காரர்களுக்கு நேராகப் போகிற லைன்தான் பிடிக்கும், மீட்டர் கணக்கில் பில் ஏறும்.

பணம் கூட வந்துவிடும். எங்கள் ஊரில் வராதது கையெழுத்து. எங்கள் வீட்டுக்கே பதினோரு பங்கு. புதிதாகச் செப்டிக் டேங்க் கட்டப் பின்கட்டில் இடம் தோண்ட வேண்டும், அது யார் பங்கில் வருகிறது என்று ஒரு பஞ்சாயத்து. எப்போதாவது வருகிறவர், "நான் வருஷத்துக்கு நாலு நாள்தானே இருக்கேன், எனக்கு எதுக்குச் சமபங்கு?" என்கிறார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருப்பதால்தான் இது தீரவில்லை. அதற்காக நான் போட்டிருக்கும் கணக்கு இது: தொட்டி கட்டுகிற செலவு பங்குக்குச் சமம், எடுக்கிற செலவு மட்டும் குடியிருக்கிறவர்களுக்கு. கல்யாணம் வைக்கிறவர் விசேஷம் முடிந்த வாரமே தன் செலவில் லாரி கூப்பிட வேண்டும்.

தையில் படைப்புக்கு எல்லோரும் வருகிறார்கள். சாமி கும்பிட்டு, சாப்பாடு ஆவதற்குள் இதைப் பேசி முடித்துவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒருவரையும் பிடிக்க முடியாது.